‘மறுகால்’ எது, ‘முடிந்தது’ எது? திட்ட மென்பொருளில் பொதுச் சொற்களை வைக்கும் இடம்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இது: தோவாளை, கல்குளம் தாலுகாக்களில் குளங்களைக் கணக்கெடுத்துத் தூர்வாரும் வேலைக்காக உங்கள் குழு ரெட்மைன் என்ற திட்ட மேலாண்மை மென்பொருளை நிறுவியிருக்கிறது. பொறியாளர், கணக்கர், வரைபடம் போடுபவர், ஊர்ப் பாசன சங்கத்தினர் என்று 14 பேர் அதில் எழுதுகிறார்கள். ஒரு பொருளுக்கு நான்கு பெயர் வருகிறது. ஒரு பெயர் மூன்று பொருளில் வருகிறது. பொதுவான சொற்பட்டியலை மென்பொருளுக்குள் எங்கே வைப்பது, வேலைக் குறிப்பிலிருந்து அதை எப்படிச் சுட்டுவது, இதற்கென்று சொல்லகராதிப் பிளகின் (மென்பொருளோடு சேர்க்கும் கூடுதல் துணுக்கு) போட வேண்டுமா, வட்டார வழக்கை அனுமதிக்கலாமா என்று நான்கு கேள்விகள்.

பிளகின் வேண்டாம். மற்ற மூன்றுக்கும் பதில் சற்று நீளும். நான் தக்கலையில் உட்கார்ந்துகொண்டு ஏறக்குறைய இதே வேலைக்கு ஆறு ஆண்டுகள் ரெட்மைன் சர்வரைப் பார்த்துக்கொண்டவன். கீழே வருவதில் பாதி, கெடுத்த பிறகு கற்றுக்கொண்டது.

மழைக்காலத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்தித்தாளைப் பிரித்தால் முதலில் கண் போவது அணை நீர்மட்டத்துக்குத்தான். பேச்சிப்பாறை 42 அடி என்று படித்தால் குழித்துறையில் ஆற்றோரம் வீடு வைத்திருப்பவர் வானத்தைப் பார்ப்பார். பெருஞ்சாணி 42 அடி என்றால் ஒருவரும் அசைய மாட்டார்கள். பேச்சிப்பாறைக்கு முழு அளவு 48, பெருஞ்சாணிக்கு 77 என்பது இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. உங்கள் 14 பேருக்கு நடுவிலும் இப்படி விளக்காமலே விளங்கும் சொற்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றைத் தொடாதீர்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டு, அதனால் பணமோ நாளோ வீணான சொல்லை மட்டும் எழுதுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நாங்கள் முதலில் பாசனக் கையேடுகளிலிருந்து 180 சொற்களைத் திரட்டி அகர வரிசையில் ஒரே விக்கிப் பக்கமாக, அதாவது குழுவினர் சேர்ந்து எழுதித் திருத்தும் ரெட்மைன் பக்கமாக, போட்டோம். பார்க்க அழகாக இருந்தது. மூன்று மாதம் கழித்து சர்வர் பதிவுகளைப் புரட்டினேன். அந்தப் பக்கத்தைத் திறந்தவன் நான் ஒருவன்தான். ‘கரை’ என்றால் என்ன என்பதை ஒரு விவசாயிக்கு நாங்கள் மூன்று வரியில் விளக்கியிருந்தோம். அவர் எங்களைப் பற்றி என்ன நினைத்திருப்பார் என்று இப்போது யோசித்தாலும் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை அழித்துவிட்டு, தகராறு வந்த சொல்லை வந்த அன்றே எழுதுவது என்று மாற்றினோம். முதல் மழைக்காலம் முடியும்போது பட்டியலில் இருந்தவை 23 சொற்கள். அந்த 23-ஐயும் எல்லோரும் படித்திருந்தார்கள், ஏனென்றால் ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் அடி வாங்கியிருந்தார்.

எப்படிப்பட்ட தகராறு என்று சிலவற்றைச் சொல்கிறேன். உங்களுடையவை வேறாக இருக்கும், ஆனால் குடும்ப ஜாடை தெரியும்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேரிலும் ஏரிலும் இருக்கும். ஊரில் பேச்சு ஏக்கரிலும் சென்டிலும் நடக்கும். எங்கள் பையன் ஒருவன் பட்டாவைப் பார்த்து ‘பரப்பு 38 ஏ.’ என்று எழுதினான். அவன் நினைத்தது ஏர். படித்தவர் ஏக்கர் என்று எடுத்துக்கொண்டார். ஓர் ஏர் என்பது 100 சதுர மீட்டர். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,047. நாற்பது மடங்கு வித்தியாசம். 94 சென்ட் கூட வராத ஊர்க்குளத்துக்கு ஜேசிபி மணிக்கணக்கு போட்டு மதிப்பீடு வந்தபோது கணக்கர் கேட்டார்: “இது குளமா, வீராணமா?”

‘யூனிட்’ இன்னொன்று. மண், மணல் விற்கிறவர்களுக்கு ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அதாவது சுமார் 2.83 கன மீட்டர். மின்சாரக் கட்டணம் எழுதுகிறவருக்கு யூனிட் வேறு. அதையாவது இடம் பார்த்துப் புரிந்துகொள்ளலாம். ‘அள்ளிய மண் 300 யூனிட்’ என்பதுதான் உண்மையான சிக்கல். குளத்துக்குள் வெட்டிய குழியை அளந்து சொன்ன கணக்கா, டிப்பரில் ஏறியதை எண்ணிச் சொன்ன கணக்கா? இறுகிக் கிடந்த மண்ணை வெட்டினால் தளர்ந்து பருமன் கூடிவிடும். டிப்பர் கணக்கு எப்போதும் குழிக் கணக்கைவிடக் கூடுதலாகத்தான் வரும். ஒப்பந்தக்காரர் டிப்பரை எண்ணுவார், பொறியாளர் குழியை அளப்பார், இருவரும் யோக்கியர்களாகவே இருந்தாலும் கணக்கு இடிக்கும்.

பெயரில் ஏமாறுவது நம் மாவட்டத்தின் தனிச்சிறப்பு. பத்மநாபபுரம் புத்தனாறு ஆறு அல்ல, வெட்டிய கால்வாய். நாஞ்சில்நாடு புத்தனாறும் அப்படியே. வெளியூரிலிருந்து வந்து வரைபடம் போட்ட ஒருவர் இரண்டையும் ஆறு என்ற வகையில் சேர்த்து நீலத்தில் தடித்த கோடாக இழுத்துவிட்டார். பட்டணங்கால் என்ற பெயரில் இருக்கும் ‘கால்’ வாய்க்கால் என்பது அவருக்குப் புரியவே இல்லை. தோவாளை என்றால் பூச்சந்தை இருக்கும் ஊர், தாலுகா, ஊராட்சி ஒன்றியம், சானல் என்று நான்கு. தோவாளை தாலுகா அலுவலகம் இருப்பதோ பூதப்பாண்டியில். கல்குளம் தாலுகாவுக்குத் தக்கலை, விளவங்கோட்டுக்குக் குழித்துறை, அகஸ்தீஸ்வரத்துக்கு நாகர்கோவில். ‘கன்னியாகுமரியில் கூட்டம்’ என்று யாரோ எழுதியதை நம்பி, சென்னையிலிருந்து ரயிலில் வந்த ஒருவர் கடைசி ஸ்டேஷன்வரை போய் இறங்கி, கடலைப் பார்த்துக்கொண்டு எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டார். கூட்டம் நாகர்கோவிலில்.

இன்னொன்றைச் சொல்லாமல் போக மனமில்லை. ஒரு மடையின் கல்லில் 1102 என்று வெட்டியிருந்தது. புதிதாகச் சேர்ந்த தன்னார்வலர் அதைப் படம் பிடித்து ‘முதலாம் குலோத்துங்க சோழன் காலத்து மடை’ என்று வேலைக் குறிப்பில் போட்டுவிட்டார். அது கொல்லம் ஆண்டு. 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன்பு நாம் திருவிதாங்கூர் பக்கம் இருந்தவர்கள். பழைய கல்லிலும் ஆவணத்திலும் கொல்லம் ஆண்டுதான் இருக்கும். 824-ஐயோ 825-ஐயோ கூட்ட வேண்டும். மடை 1926-27-இல் கட்டியது. எட்டு நூற்றாண்டு ஒரே கூட்டலில் போயிற்று.

இனி, ஒரு சொல்லுக்கு என்ன எழுதுவது என்பதற்கு வருவோம். அகராதிப் பொருள் எழுதாதீர்கள். மறுகாலையே எடுத்துக்கொள்ளுங்கள். குளம் நிரம்பினால் மிகை நீர் வழியும் அமைப்பு. நம் பக்கம் மறுகால், வேறு மாவட்டத்துப் பொறியாளர்கள் கலிங்கு, ஒப்பந்தத் தாளில் வியர். எங்கள் விக்கிப் பக்கத்தில் இருந்தது ஏறக்குறைய இப்படி: ‘மறுகால்: குளம் நிரம்பியபின் நீர் தானாக வழியும் தளம். கலிங்கு, வியர் என்று வருவதும் இதுவே. நாம் எழுதும்போது மறுகால் என்றே எழுதுவோம். பலகை போட்டுத் தடுக்கும் வசதி இருந்தாலும் மறுகால்தான். திறந்து மூடிப் பாசனத்துக்கு நீர் விடுவது மறுகால் அல்ல, அது மடை. மறுகால் மட்டம் என்று எண் கொடுத்தால் அது தளத்தின் மேல்விளிம்பு, பலகையின் உச்சி அல்ல.’

கடைசி இரண்டு வாக்கியங்களுக்காகத்தான் மற்றவை எல்லாம். எது அல்ல என்பதும், எண் எங்கிருந்து அளந்தது என்பதும் இல்லாத வரையறையால் சண்டை தீராது. பலகை உச்சியை மறுகால் மட்டம் என்று எடுத்துக்கொண்டால் குளத்தின் கொள்ளளவு ஒரு பலகை உயரத்துக்குப் பொய்யாகக் கூடிவிடும். வரையறையின் அடியில் இன்னும் இரண்டு வரி போடுங்கள்: எந்த வேலையில் இந்தக் குழப்பம் வந்தது என்று அந்த வேலையின் எண், இந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு என்று ஒரு பெயர். குழுவின் பெயர் போடாதீர்கள், ஆள் பெயர். வேலை எண்ணை # குறியோடு எழுதினால் ரெட்மைன் தானே இணைப்பாக்கிவிடும். ஆறு மாதம் கழித்துச் சேருகிறவர் அந்த இணைப்பைத் தட்டிப் பழைய வாக்குவாதத்தைப் படித்தால், நீங்கள் பத்து வரி எழுதினாலும் புரியாதது அவருக்குப் புரிந்துவிடும்.

எங்கே வைப்பது? எல்லாச் சொற்களையும் ஒரே நீண்ட பக்கத்தில் அடுக்கி, ஒவ்வொரு சொல்லையும் தலைப்பாக்கி, அந்தத் தலைப்புக்கு இணைப்புக் கொடுப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். ரெட்மைனில் அது நடக்கவும் செய்யும். ஆனால் யாராவது தலைப்பில் ஓர் எழுத்தைத் திருத்தினால், அதைச் சுட்டிய இணைப்புகள் பக்கத்தின் உச்சியில் கொண்டுபோய் விட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். உடைந்தது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரு சொல்லுக்கு ஒரு விக்கிப் பக்கம். எல்லாவற்றுக்கும் ‘சொற்கள்’ என்று ஒரு தாய்ப் பக்கம். தாய்ப் பக்கத்தில் சேய்ப் பக்கங்களைப் பட்டியலிடும் மேக்ரோவைப் போட்டுவிட்டால் புதுச் சொல் சேரும்போதெல்லாம் பட்டியல் தானே நீளும். கையால் எழுத வேண்டாம். பக்கத்தின் பெயரை மாற்றும்போது பழைய இணைப்புகளைப் புதிய பக்கத்துக்குத் திருப்பிவிடும் வசதியும் ரெட்மைனில் இருக்கிறது. பட்டியலின் வரிசை அப்படியே நம் அகர வரிசையாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 23 சொல்லுக்கு அது ஒரு குறையல்ல.

தோவாளைக்கு ஒரு திட்டம், கல்குளத்துக்கு ஒரு திட்டம் என்று ரெட்மைனில் பிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படியானால் சொற்களை இரண்டிலும் நகல் எடுத்து வைக்காதீர்கள். நகல் எடுத்த மறுநாளே இரண்டும் வேறு வேறு திசையில் வளரத் தொடங்கும். மேலே ஒரு தாய்த் திட்டம் வைத்து அதன் விக்கியில் மட்டும் எழுதுங்கள். மற்றத் திட்டங்களிலிருந்து சுட்டும்போது திட்டத்தின் அடையாளப் பெயர், முக்காற்புள்ளி, பக்கத்தின் பெயர் என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால் போதும். 14 பேருக்கும் அந்தத் தாய்த் திட்டத்தைப் பார்க்கும் அனுமதி இருக்கிறதா என்பதை மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள். எங்களிடம் பாசன சங்கத்தினருக்கு அனுமதி கொடுக்க மறந்து, யாருக்காக எழுதினோமோ அவர்களுக்கே பக்கம் திறக்காமல் இரண்டு வாரம் போயிற்று.

இப்போது பிளகின் ஏன் வேண்டாம் என்பது. சொல்லகராதிப் பிளகின்கள் பெரும்பாலும் செய்வது ஒன்றுதான்: பட்டியலில் உள்ள சொல் எங்கே வந்தாலும் கண்டுபிடித்துத் தானே இணைப்பாக்குவது. ஆங்கிலத்தில் இது ஓரளவு ஓடும். தமிழில் சொல் அப்படியே உட்கார்ந்திருப்பதில்லை. குளம் என்பது குளத்தில், குளத்துக்கு, குளங்கள், குளக்கரை என்று போய்விடும். ‘குளம்’ என்று தேடும் கருவிக்கு இவற்றில் ஒன்றும் அகப்படாது. சரி, ‘குள’ என்று சுருக்கித் தேடலாம் என்றால் குளிர்பான ரசீதும் சேர்ந்து வரும், ஏனென்றால் கணினிக்கு ‘ளி’ என்பது ள-வும் அதன்பின் ஓர் இகரக் குறியும்தான். நான் ஒருமுறை ‘கரை’ என்று தேடினேன். கரை பலப்படுத்தும் வேலைகள் வந்தன. அவற்றோடு ஓராண்டின் டீச்செலவுக் கணக்கு முழுவதும் வந்தது. சர்க்கரை. ‘மடை’ என்று தேடினால் யாரோ கோபத்தில் எழுதிய ‘மடையன்’ வந்ததையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அதனால் இணைப்பைக் கையால் போடுவதுதான் நம் மொழிக்குச் சரி. ரெட்மைனில் இதற்கு எளிய வழி இருக்கிறது: [[மடை|மடையை]] என்று எழுதினால் திரையில் ‘மடையை’ என்று தெரியும், தட்டினால் மடைப் பக்கம் திறக்கும். வாக்கியம் சிதையாது. ஆனால் ஒவ்வொரு இடத்திலும் இதைப் போடச் சொன்னால் மூன்றாம் நாள் யாரும் போட மாட்டார்கள். எங்கள் விதி: வேலையின் விவரத்தில் அந்தச் சொல் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் இணைப்பு. பின்னூட்டங்களில் தேவையில்லை. போட மறந்தவரைத் திட்டுவதில்லை, பார்த்தவர் போட்டுவிடுவார். கைபேசியில் குளக்கரையில் நின்றுகொண்டு ஒற்றை விரலால் தட்டுகிறவரிடம் இரட்டை அடைப்புக்குறியை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘கொள்ளளவு’ என்ற பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தோம். இணைப்பு சிவப்பாகவே இருந்தது, அதாவது அப்படியொரு பக்கமே இல்லை என்று ரெட்மைன் சொன்னது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. விஷயம், ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி ஒட்டிய உரையில் பிரிந்த வடிவம் வந்திருந்தது. பக்கத்தின் பெயரை எப்போதும் புதிதாகத் தட்டச்சு செய்யுங்கள், எங்கிருந்தும் எடுத்து ஒட்டாதீர்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளைப் பற்றிக் கேட்காதீர்கள். அவற்றில் இருப்பதை யூனிகோடுக்கு மாற்றி ரெட்மைனில் உரையாகப் போடும்வரை தேடலில் அது அகப்படவே அகப்படாது.

இதுவரை சொன்னது படித்துப் புரிந்துகொள்ள வேண்டிய சொற்களுக்கு. எண்ண வேண்டிய சொற்களுக்கு விக்கி போதாது. எது எதை எண்ணி மாதக் கடைசியில் அறிக்கை கொடுக்கிறீர்களோ அது எதுவும் உரைக்குள் கிடக்கக் கூடாது, அதற்கென்று ஒரு புலம், அதாவது தனியாக நிரப்பும் கட்டம், வேண்டும். அமைப்பின் வகை என்று ஒரு புலம், அதில் மடை, மறுகால், கரை, வரத்துக்கால் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல். கலிங்கு என்று எழுத அங்கே இடமே இல்லை. பரப்புக்கான புலத்தின் பெயரிலேயே ‘பரப்பு, ஹெக்டேரில்’ என்று அளவைச் சேர்த்துவிடுங்கள். ‘ஏ.’ தகராறு எங்களுக்கு அன்றோடு தீர்ந்தது. அதற்கு வரையறைப் பக்கமே தேவைப்படவில்லை.

இங்கே ஒரு நுணுக்கம், தயவுசெய்து கவனியுங்கள். ரெட்மைனில் தேர்வுப் பட்டியல் இரண்டு வகை. வெறும் லிஸ்ட் வகையில், தேர்ந்தெடுத்த சொல்லின் எழுத்துகளே ஒவ்வொரு வேலையிலும் பதிவாகும். நாளைக்குப் பட்டியலில் ‘வியர்’ என்பதை ‘மறுகால்’ என்று திருத்தினால் பழைய வேலைகள் ‘வியர்’ என்றே நிற்கும், கணக்கு இரண்டாகப் பிளந்துவிடும். 3.2 பதிப்பிலிருந்து கீ வேல்யூ லிஸ்ட் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதில் சொல்லுக்குப் பின்னால் ஓர் எண் பதிவாகிறது, சொல்லைத் திருத்தினால் பழையது புதியது எல்லாமே மாறும். தொடங்கும்போதே இரண்டாவதை எடுங்கள். நாங்கள் முதல் வகையில் தொடங்கி, பிறகு நூற்றுக்கணக்கான வேலைகளைத் தொகுதி தொகுதியாகத் தேர்ந்தெடுத்துத் திருத்தினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போயிற்று. புலத்துக்கு விளக்கம் எழுதும் இடமும் உண்டு, பெயர்மேல் சுட்டியைக் கொண்டுபோனால் அது தெரியும். கைபேசியில் சுட்டி கிடையாது, அதனால் களத்தில் இருப்பவர்களுக்கு அது பயன்படாது. அவர்களுக்குப் புலத்தின் பெயரே எல்லாம் சொல்ல வேண்டும்.

குளங்களின் பெயரும் இப்படித்தான். பெரியகுளம் இல்லாத ஊர் நம் பக்கம் அபூர்வம். புதுக்குளம் என்ற பெயரில் இருப்பது தாத்தா காலத்திலிருந்தே புதுக்குளம். குளத்துக்கு ஒரு எண் கொடுத்து, பெயரோடு வருவாய்க் கிராமத்தையும் சேர்த்து எழுதுங்கள். தாலுகாவை மட்டும் நம்பாதீர்கள். விளவங்கோட்டிலிருந்து கிள்ளியூரும் கல்குளத்திலிருந்து திருவட்டாறும் பிரிந்த பிறகு பழைய கோப்பில் ‘கல்குளம் தாலுகா’ என்று இருப்பது இன்று எந்தத் தாலுகா என்பதைக் கிராமத்தின் பெயரைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். தாலுகாவின் பெயருக்கு வரையறை எழுதும்போது எந்த நாளிலிருந்து இந்தப் பொருள் என்பதையும் எழுத வேண்டும்.

எல்லாவற்றிலும் அதிகச் சண்டை வந்தது ‘முடிந்தது’ என்ற சொல்லுக்குத்தான். ஜேசிபி ஓட்டுநருக்கு வண்டி கரையேறினால் முடிந்தது. பொறியாளருக்குப் பின் லெவல், அதாவது வெட்டிய பிறகான மட்டம், எடுத்து அளவுப் புத்தகமான எம்.புக்கில் பதிந்தால் முடிந்தது. கணக்கருக்குப் பணம் போனால் முடிந்தது. பாசன சங்கத்துப் பெரியவர் ஒருவர் சொன்னார்: “மழை பெய்து, குளம் நிரம்பி, என் வயலுக்குத் தண்ணீர் வரட்டும். பிறகு சொல்கிறேன் முடிந்ததா இல்லையா என்று.” நால்வரும் ஒரே நிலைக்குறியைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். அறிக்கையில் ஒரே மாதத்தில் முடிந்த குளங்கள் மூன்று விதமான எண்ணிக்கையில் வந்தன.

இதற்கு நாங்கள் விளக்கம் எழுதிப் பார்த்தோம், பலனில்லை. சொல்லையே உடைத்தோம்: ‘வெட்டியாயிற்று’, ‘அளந்தாயிற்று’, ‘பணம் கொடுத்தாயிற்று’ என்று மூன்று நிலைகள். பெரியவருடைய நான்காவதற்கு ஒரு தேதிப் புலம் வைத்தோம், ‘நீர் வந்த நாள்’. அடுத்து, ரெட்மைனில் எந்தப் பொறுப்பில் இருப்பவர் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு மாற்றலாம் என்று கட்டுப்படுத்த முடியும். ஒரு நிலையில் எந்தப் புலம் கட்டாயம் என்றும் சொல்ல முடியும். ‘அளந்தாயிற்று’ என்பதைப் பொறியாளர் மட்டுமே தட்டலாம், முன் லெவலும் பின் லெவலும் நிரப்பாமல் அவராலும் தட்ட முடியாது என்று பூட்டினோம். அதன் பிறகு அந்தச் சொல்லின் பொருள் என்னவென்று யாரும் கேட்கவில்லை. மென்பொருளே மறுத்துவிடும் இடத்தில் வரையறையைப் படிக்க வைக்க வேண்டியதில்லை. முடிந்த இடங்களில் எல்லாம் இப்படிச் செய்யுங்கள். முடியாத இடத்துக்குத்தான் விக்கி.

மாத அறிக்கையை விக்கியிலேயே எழுதுவீர்களானால், ஒரு பக்கத்தின் உள்ளடக்கத்தை இன்னொரு பக்கத்துக்குள் இழுத்துக் காட்டும் இன்க்ளூட் மேக்ரோவைப் பயன்படுத்துங்கள். அறிக்கையின் அடியில் ‘மண் அளவு’ என்ற வரையறை அப்படியே வந்து நிற்கும். அச்சிட்டு யாரிடம் கொடுத்தாலும் அது குழிக் கணக்கா டிப்பர் கணக்கா என்பது தாளிலேயே இருக்கும். வரையறை மாறினால் பழைய அறிக்கையிலும் புதிய வரையறை தெரியும் என்ற ஆபத்தும் இதில் உண்டு. அதனால் மாதம் முடிந்ததும் அறிக்கையைப் பிடிஎஃப் ஆக எடுத்து வைத்துவிடுங்கள்.

வரையறையை மாற்றுவது யார்? யார் வேண்டுமானாலும் முன்மொழியலாம், பொறுப்பாளர் மாற்றுவார். விக்கிப் பக்கத்தைப் பூட்டும் வசதி இருக்கிறது. நாங்கள் அளவு சம்பந்தப்பட்ட ஐந்து சொற்களை மட்டும் பூட்டினோம். பக்கத்தின் வரலாற்றில் யார் எப்போது எதை மாற்றினார் என்பது இருப்பதால் மற்றவற்றைத் திறந்தே விட்டோம். பொருளே மாறுகிறது என்றால் பழைய பக்கத்தைத் திருத்தாதீர்கள். புதுச் சொல் வைத்துப் புதுப் பக்கம் திறந்து, பழையதில் ‘இன்ன நாளிலிருந்து இதைப் பயன்படுத்துவதில்லை’ என்று எழுதுங்கள். பழைய வேலைகள் பழைய பொருளில் எழுதியவை, அவை சுட்டும் பக்கம் காலுக்கடியில் நகரக் கூடாது.

மென்பொருளின் சொந்தச் சொற்களும் குழப்பும். ரெட்மைனில் இஷ்யூ என்பதை ஓப்பன்புராஜெக்ட்டில் வொர்க் பேக்கேஜ் என்பார்கள், ட்ரெல்லோவில் கார்டு. நாங்கள் ‘வேலை’ என்றோம். ‘திட்டம்’ இன்னும் மோசம்: அரசு அறிவிக்கும் திட்டம், நாம் போடும் திட்டம், ரெட்மைனில் இருக்கும் திட்டம் என்று மூன்றுக்கும் தமிழில் ஒரே சொல். ‘திட்டத்தை மூடிவிடுங்கள்’ என்று ஒரு குறிப்பு வந்தபோது நான் எதை மூடுவது என்று அரை நாள் யோசித்தேன். நீங்கள் பின்னால் வேறு மென்பொருளுக்குப் போனாலும் மேலே சொன்னவை பெரும்பாலும் ஓடும். கன்ஃப்ளூயன்ஸில் பக்கத்தின் பெயரை மாற்றினாலும் உள் இணைப்புகள் நிற்கும், ஒரு பக்கத்தின் துணுக்கை மற்றொன்றில் காட்டவும் வழி உண்டு. ஜிராவில் லேபிள் மட்டும் எச்சரிக்கை: அவரவர் விருப்பப்படி எழுதலாம், இடைவெளி விட முடியாது, மறுகால், கலிங்கு, மறுகால்_வேலை என்று ஒரே வாரத்தில் காடாகிவிடும்.

கடைசிக் கேள்வி, வட்டார வழக்கு. தலைச்சொல்லாக அதையே வையுங்கள் என்பது என் கட்சி. ஏலா என்று கல்குளத்துக்காரர் எழுதினால் அதை ‘ஆயக்கட்டு’ என்று திருத்தாதீர்கள். இரண்டும் முழுக்க ஒன்றும் அல்ல. ஏலா என்பது ஊரார் பெயர் சொல்லிக் காட்டும் வயல்வெளி. ஆயக்கட்டு என்பது ஒரு குளத்தின் நீர் பாயும் பரப்பின் கணக்கு. ஓர் ஏலாவுக்கு இரண்டு குளத்துத் தண்ணீர் வரலாம். குளத்தடியில் இருப்பவர் சரியாகத்தான் சொல்கிறார், அறிக்கைக்குத் தேவையான சொல்லை நீங்கள்தான் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வெளியூர்ப் படிவம் ஒன்று எங்களிடம் பருவம் என்ற இடத்தில் குறுவை, சம்பா, தாளடி என்று மட்டும் கேட்டது. எங்கள் ஆட்கள் ஆளுக்கொன்றைக் குத்துமதிப்பாகத் தட்டிவைத்தார்கள். பிறகு எழுதிய பக்கம் இன்னும் அந்தச் சர்வரில் இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

‘கன்னிப்பூ: நம் மாவட்டத்தின் முதல் நெற்பருவம். சித்திரை, வைகாசியில் தொடங்கிக் கன்னி மாதமாகிய புரட்டாசியை ஒட்டி அறுவடை. கும்பப்பூ: இரண்டாம் பருவம். புரட்டாசி, ஐப்பசியில் தொடங்கிக் கும்ப மாதமாகிய மாசியை ஒட்டி அறுவடை. இரண்டையும் குறுவை, சம்பா என்று மாற்றி எழுத வேண்டாம். படிவம் கேட்டால் ‘மற்றவை’ என்று குறித்துப் பெயரை எழுதவும். தூர்வாரும் வேலைக்கு நாள் குறிப்பவர் கவனிக்க: கும்பப்பூ அறுவடை முடிந்தது என்று பாசன சங்கம் சொன்ன பிறகே மடையைத் திறந்து குளத்தைக் காய விடலாம்.’